எங்க தோட்டம்

வெள்ளைக்காரர்கள் விருந்துக்கு வருகிறார்கள் என்றதும், ஈப்போவில் எங்கள் புந்தோங் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது குளியலறைக் கதவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியது எங்கள் குடும்பக் கதையையே என்பது, அவர்கள் வந்து இறங்குவதற்கு முதல் நாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

வரவிருந்தவர்கள் மத்தில்டும் அவர் கணவர் எர்வேயும். என் மகள் தினேஸ்வரி பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தேர்வாகி, பிரான்சில் நாந்த் என்கிற ஊரில் ஒரு பள்ளியாண்டு முழுவதும் படித்துவிட்டு வந்தவள். எல்லாப் பாடமும் பிரெஞ்சிலேயே நடக்கும் மேல்நிலைப் பள்ளி. தங்கியது மத்தில்ட் வீட்டு மாடியறையில். அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அதனால் இவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வைத்திருந்தார்கள். இவள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்று இவளுக்கு மட்டும் தனியாக முட்டை பொரித்துக் கொடுப்பார் எர்வே. மத்தில்ட் அதே பள்ளியில் சரித்திர ஆசிரியை. விடுமுறைக்கு மலேசியா வருகிறோம், தினேஸ் பிறந்த ஊரையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. தினேஸ் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே மேலே படிக்க ஆசைப்பட்டாள். வந்தால் மாடியறை உனக்குத்தான் என்று மத்தில்ட் சொல்லியிருந்தார். அந்த அறை இல்லையென்றால் படிப்பும் இல்லை. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் தேய்க்கிறவள் நான். வேறு அறை எடுத்துக் கொடுக்க எங்களால் ஆகாது.

அன்றைக்குக் காலையில் நான் இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருந்தேன். தினேஸ் குளிர்பெட்டிக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக நின்றாள்.

"மா, அவங்க தோட்டத்தப் பாக்கணுமாம்."

"எந்தத் தோட்டம்?"

"ஆர்லி தோட்டம்தான். நம்ம தோட்டம்."

"அங்க என்னா இருக்கு பாக்குறதுக்கு? செம்பன மரமும் கொசுவும். கேமரன் மலைக்கு இட்டுக்கிட்டுப் போ, குளுகுளுன்னு இருக்கும்."

"மா, அது நம்மளோடதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

"நம்மளோடதுதானே," என்றேன், யோசிக்காமல்.

"அப்படி இல்லம்மா. நமக்குச் சொந்தம்னு. நாமதான் மொதலாளின்னு."

நான் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

தோட்டத்தில் பிறந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், "எங்க தோட்டம்" என்றுதான் சொல்வார்கள். எங்க தோட்டம், எங்க லயம், எங்க கோயில், எங்க துரை. அங்கே ஒரு ரப்பர் மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. சுரண்டி எடுத்துப் போனால் காவல்காரன் பிடித்துக்கொண்டு போவான். தங்கியிருந்த லயத்து வீடு வேலை இருக்கிறவரைக்கும்தான். இருந்தாலும் எல்லாமே "எங்க"தான். எதுவும் சொந்தமில்லாதவர்களுக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகச் செலவு செய்வதில் என்ன நஷ்டம்?

தினேஸும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நாந்த் போய்ச் சேர்ந்த முதல் வாரம், இரவுச் சாப்பாட்டு மேசையில், உன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார் மத்தில்ட். பிரெஞ்சு இன்னும் நாக்கில் நிற்காத நேரம். கைப்பேசியில் சொல் தேடி, "நோத்ர் பிளான்தாசியோன்" என்றாளாம். எங்க தோட்டம். ரப்பரா என்று கேட்டார்கள், ஆமாம் என்றாள். பெரியதா, ரொம்பப் பெரியது. இப்போது என்ன ஆயிற்று, விற்றாகிவிட்டது. எல்லாம் உண்மைதான். ஒரு சொல் மட்டும் அந்த ஊருக்குப் போனதும் வேறு சட்டை மாட்டிக்கொண்டுவிட்டது.

"தெரிஞ்சப்பறம் சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதாம்மா இருந்தேன். அதுக்குள்ள ஸ்கூலு பூரா தெரிஞ்சி போச்சி. ரப்பர் எளவரசின்னு கூப்ட ஆரம்பிச்சிட்டாங்க." கதவை மறுபடி திறந்தாள், சாத்தினாள். "ஆசியாவுலேர்ந்து வந்த ஏழப்புள்ளன்னு யாரும் என்னைய பாவமா பாக்கல. மத்தில்ட் கூட என்னையே ஒரு மாதிரி பாப்பாங்க, கிளாஸ்ல பாடம் நடத்தும்போது. மரியாதயா. நல்லா இருந்துச்சும்மா."

கையில் இருந்த கரண்டியால் இரண்டு போடலாமா என்று வந்தது. போடவில்லை. நான்காம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று இவள் வந்து நின்றபோது, "எஸ்டேட்டுன்னு சொல்லிக்கிட்டு நிக்காத, ஈப்போன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பியவள் யார்? நான்தான். தோட்டம் கைமாறி நாங்கள் புந்தோங்குக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பள்ளியில் பிள்ளைகள் என்னை எஸ்டேட்டுக்காரி என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெயரைத் தேய்த்துத் தேய்த்து அழித்தது எனக்குத்தான் தெரியும். நான் அழித்ததை இவள் அங்கே போய் முலாம் பூசி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பகலில் தர்மா வேலை முடிந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் புந்தோங்கிலேயே பிறந்தவர், தோட்டத்து வெயில் படாதவர்.

"அப்ப நாம வாழ்ந்து கெட்ட குடும்பமா?" என்றார்.

"வாழவே இல்ல, அதுக்குள்ள கெட்டாச்சி," என்றேன்.

"ஒரு நாளுதானே புஷ்பா. மொதலாளியாவே இருந்துட்டுப் போவோம் லா. கூட்டாளி பத்துமலைகிட்ட வேன் கேக்குறேன்."

தினேஸ் என்னைப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் பொய்க்காரி என்று பெயராகும், அறையும் போய்விடும், அவளைத் தூக்கி வைத்துப் பேசிய அத்தனை பேரிடமும் செய்தி போகும். அவள் அதை வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னாள்.

"நான் வாயத் தெறக்க மாட்டேன்," என்றேன். "கேட்டா நீயே எதையாச்சும் சொல்லிக்க."

அவள் உள்ளே போனதும் கூடத்துச் சுவரில் இருந்த எங்கம்மா படத்தைக் கழற்றினேன். எங்கம்மா பெயர் மாரியம்மா. நாங்கள் தோட்டத்தை விட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யாரோ எடுத்த படம் அது. தலையில் துண்டு கட்டி, கையில் பால்வாளியோடு நிற்பார். பெட்டி படுக்கை வைக்கும் அலமாரிக்குள், துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். தினேஸ் சொல்லிச் செய்யவில்லை. நானாகத்தான் செய்தேன்.

மறுநாள் வந்தார்கள். மத்தில்ட் சின்ன உருவம், வெட்டிவிட்ட நரைமுடி, காலில் கனமான சப்பாத்து. வாசலிலேயே என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டு, "மமான் து தினேஸ்" என்றார். தினேஸோட அம்மா என்று அர்த்தமாம். மமான் என்றால் அம்மா. நல்ல மனுசி. கோழிக் கறியைக் கையாலேயே சாப்பிட்டார், ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார். ஆனால் எங்கள் கூடத்தையும், கிழிந்த சோபாவையும், ஓட்டுக்கூரையையும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி. எப்பேர்ப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் இப்படி ஆகிவிட்டார்களே என்று. பொய் சொன்னவள் மகள், அந்த அனுதாபத்தைத் தட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டவள் நான்.

அடுத்த நாள் தர்மா வேனை எடுத்தார். கல்யாணத்துக்கு வைத்திருந்த பாத்தேக் சட்டையைப் போட்டிருந்தார். லகாட் தாண்டி, பத்து காஜா சாலையிலிருந்து இறங்கி, செம்மண் தடத்தில் ஏறினோம். பாதித் தோட்டம் தாமான் என்கிற குடியிருப்பாகி, ஒரே மாதிரி வீடுகளாக நின்றது. மீதிப் பாதி வேறொரு கம்பெனி எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காடு. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. கோயில் மட்டும் இருந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அப்பாவு மாமா. லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். திருவிழாவில் கூட்டத்துக்கு மேலே சாமி தெரியட்டும் என்று என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். எங்களைக் கண்டதும் சட்டையில்லாமல் வெளியே வந்தார்.

"யாரு, மாரியம்மா மவளா? வெள்ளக்காரன இட்டாந்திருக்க. மறுபடி தோட்டத்த வாங்கப் போறானா? இந்தத் தடவயாச்சும் கூலிய ஏத்திக் குடுக்கச் சொல்லு."

நான் சிரித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மத்தில்ட் தினேஸிடம் என்னவோ கேட்டார், தினேஸ் பதில் சொன்னாள். உடனே மத்தில்ட் அப்பாவு மாமாவைப் பார்த்துக் கைகூப்பினார், கண் கலங்க.

"என்னடி சொன்ன?" என்றேன் மெதுவாக.

"பழைய வேலைக்காரரு, மொதலாளியம்மாவப் பாத்ததுல சந்தோசப்படுறாருன்னு."

அப்பாவு மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பாட்டுக்கு எங்களுக்கெல்லாம் திருநீறு பூசிவிட்டு, ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார். அந்தப் பழத்தை வாங்கிய கை எனக்கு எரிந்தது. ஒரு மனுசன் உறவு கொண்டாடிக் கொடுப்பதை, முதலாளியம்மாவாக நின்று வாங்கினால் எரியாமல் என்ன செய்யும்?

அங்கிருந்து துரை பங்களாவுக்கு ஏறினோம். கூரை போய், சுவரெல்லாம் செடி முளைத்துக் கிடந்தது. முன்படிக்கட்டு மட்டும் கெட்டியாக இருந்தது. அந்தப் படியில் ஒரு நாளும் நான் கால் வைத்ததில்லை. பின்பக்கம் சமையற்கட்டு வழியாகத்தான் எங்கம்மா போவார், துரைசாணி கூப்பிட்டுவிட்டால் புல்வெட்ட. மத்தில்ட் என்னை அந்தப் படியில் நிற்கச் சொன்னார். நின்றேன். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். படம் எடுத்துக்கொண்டார்.

தர்மாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "மை வைஃப், ஸ்மால் டைம், ஹியர் பிளே பியானோ," என்று எர்வேயிடம் இடிந்த கூடத்தைக் காட்டினார். என் வாழ்க்கையில் பியானோவை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. முறைத்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. எர்வே மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே அந்த வெற்றிடத்தைப் படம் பிடித்தார்.

மத்தில்டுக்குப் பங்களாவில் மனம் ஒட்டவில்லை. தினேஸிடம் ஏதோ கேட்டார்.

"வேலக்காரங்க இருந்த எடத்தப் பாக்கணுமாம்," என்றாள் தினேஸ், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆண்கள் இருவரும் பங்களாவிலேயே நின்றுகொள்ள, நாங்கள் மூன்று பேரும் இறங்கி நடந்தோம். லயத்தில் ஒரு வரிசை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். மாட்டுக்கோ உரமூட்டைக்கோ வைத்திருக்கலாம். அந்த வரிசையில்தான் எங்கள் வீடும் இருந்தது. கதவில்லை. சாணி நாற்றம். மத்தில்ட் நேராக அந்த வீட்டு வாசலிலேயே போய் நின்று தலையை நீட்டிப் பார்த்தார். எல்லா வீடும் ஒன்றுபோலத்தான், அவர் இதில் போய் நின்றது தற்செயல். எனக்கு மட்டும் யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது.

ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. இதற்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டாராம். தெரியாது என்று சொல்லிவிட்டதாகத் தினேஸ் சொன்னாள். நாங்கள் ஆறு பேர். பெரியண்ணன் வெளியே கட்டிலில் படுப்பான்.

லயத்துக்கு எதிரே புல் மண்டிய வெளிதான் பெரட்டுக்களம். விடிவதற்கு முன்னால் எல்லோரும் அங்கே வந்து நின்று பெயர் கொடுக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் எங்கம்மா பிந்திப் போனார். கணக்கெழுதுகிற கிராணி பெயர் எழுத மாட்டேன் என்றுவிட்டார், அன்றைக்குக் கூலி இல்லை. எல்லாரும் பால் எடுக்க மரத்துக்குப் போன பிறகும் எங்கம்மா வாளியோடு அங்கேயே நின்றார். வெயில் ஏறும்வரை நின்றார். நான் வாசலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது அவர் மேல்தான் கோபம். வீட்டுக்கு வந்து தொலையக் கூடாதா, எல்லாரும் பார்க்கிறார்களே என்று.

மத்தில்ட் வாசலை விட்டுத் திரும்பி என் முன்னால் வந்தார். நிதானமாக, நீளமாகப் பேசினார். தினேஸிடம் இல்லை, என்னைப் பார்த்து. தினேஸின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"என்னா சொல்றாங்க?"

"வெயிலு அதிகமா இருக்காம்."

வெயிலைப் பற்றி யாரும் அப்படி ஒரு முகத்தோடு பேச மாட்டார்கள்.

"ஒழுங்கா சொல்லு பிள்ள."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தக் காலத்துல அவங்க ஊருக் கப்பலுங்கள்ல மனுசங்கள ஏத்திக் கொண்டு போயி தோட்டங்களுக்கு அடிமையா வித்தாங்களாம். அந்தக் காசுல கட்டுன பெரிய பெரிய வீடுங்க ஊருல இன்னும் இருக்காம். அதத்தான் வருசா வருசம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க. நான் போயி எங்க தோட்டம்னு பெருமையா சொன்னதுலேர்ந்து அவங்களுக்கு மனசு சரியில்லியாம். கிளாஸ்ல என்னையப் பாக்குறப்பல்லாம் அதான் தோணுமாம். சின்னப்பிள்ளகிட்ட கேக்கக் கூடாது, அம்மாகிட்ட நேரா கேக்கணும்னு இருந்தாங்களாம்."

மரியாதை என்று இவள் நினைத்துக்கொண்டிருந்த பார்வை அதுதானா? அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கழுத்துவரைக்கும் சிவந்துபோய் நின்றாள்.

"என்னா கேக்கணும்?"

"தோட்டத்த வித்தீங்கல்ல. அப்ப இந்த வீடுங்கள்ல இருந்த சனங்கள என்னா பண்ணீங்கன்னு கேக்குறாங்கம்மா."

என்ன பண்ணினார்கள் என்று எனக்குத் தெரியாதா? வெளியேறச் சொல்லி ஆள் வந்தான். லாரியில் சாமானோடு சாமானாக ஏறினோம். பால்மரம் வெட்டிப் பால் எடுக்கத் தவிர வேறொன்றும் தெரியாத எங்கம்மா, புந்தோங்கில் ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினார். கை புண்ணாகி, அந்தப் புண் ஆறாமலேயே போய்ச் சேர்ந்தார். அவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன். அந்த அறை என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

"எங்கேயோ போயிட்டாங்க, நாங்க கேட்டுக்கலன்னு சொல்லு," என்றேன்.

"மா."

"சொல்லு."

சொன்னாள். மத்தில்ட் காத்திருந்தார். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது.

"வெக்கமா இருக்குன்னும் சொல்லு."

அது ஒன்றுதான் அன்றைக்குப் பூராவும் நான் சொன்ன பொய்யில்லாத வார்த்தை. தினேஸ் அதைச் சொன்னதும் மத்தில்ட் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மெல்லப் பேசினார்.

"பரவால்லியாம்மா," என்றாள் தினேஸ். "நீங்க ஒத்துக்கிட்டதே பெரிய விசயமாம். தப்பு ஒங்க ஒருத்தங்க மேல மட்டும் இல்லியாம்."

எங்கம்மாவைத் துரத்தியதற்காக எனக்கு மன்னிப்புக் கிடைத்தது, எங்கம்மா வீட்டு வாசலிலேயே. இதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. அந்தக் கைகளுக்குள் என் கை இருந்தபோது, ஒரு கணம் எனக்கு நன்றாக இருந்தது. தப்புச் செய்கிற இடத்தில் ஒரு காலத்தில் இருந்தவள், மன்னிக்கப்பட வேண்டிய அளவுக்குப் பெரியவள். என் ஆயுசில் யாரும் என்னை அவ்வளவு பெரிய ஆளாக நினைத்ததில்லை. மகள் குளிர்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

மத்தில்ட் கையை விடாமல் இன்னொன்று கேட்டார்.

"அந்தக் கப்பல் கணக்குலல்லாம் ஆளுங்க பேரு இருக்காதாம், எத்தன பேருன்னு மட்டுந்தான் இருக்குமாம்," என்றாள் தினேஸ். "அதனால கேக்குறாங்க. இங்க இருந்தவங்கள்ல ஒருத்தர் பேராச்சும் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு."

அந்த லயத்தில் இருந்த அத்தனை பேர் பெயரும் எனக்குத் தெரியும். பிச்சைமுத்து, கார்த்திகேசு, அப்பாவு, யாரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நின்ற இடம் அப்படி.

"மாரியம்மா," என்றேன்.

"மாஹியம்மா," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார் மத்தில்ட். அவர்களுக்கு ரகரம் தொண்டையிலிருந்து வரும். பிறகு யார் அவர் என்பதுபோல் தினேஸைப் பார்த்தார்.

தினேஸ் சும்மா ஒரு சொல் சொன்னால் போதும். பால்மரம் வெட்டுகிற பெண் என்றால் முடிந்தது, அதுவும் உண்மைதான். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேனா, வேண்டிக்கொண்டேனா, எனக்கே தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவில்லாத அந்த வாசலைப் பார்த்தாள்.

"ஸே லா மமான் து மா மமான்," என்றாள்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். அது அந்தப் பேச்சில் இரண்டு முறை வந்தது.

மத்தில்ட் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். என் கைகளை விட்டுவிட்டார். கோபத்தில் இல்லை. யாருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் போனதில். தினேஸ் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே பேசினாள். வீட்டைக் காட்டினாள், களத்தைக் காட்டினாள், கோயில் பக்கம் காட்டினாள், என்னைக் காட்டினாள். எனக்குப் புரியாத பாஷையில் என் பிழைப்பு முழுவதும் வெட்டவெளியில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நிமிர்ந்து நின்றிருக்கலாம். பழக்கமில்லை.

அவள் முடித்த பிறகு மத்தில்டின் முகம் காதுவரை சிவந்திருந்தது. பள்ளியில் தப்பான பிள்ளையை அடித்துவிட்ட வாத்தியார் முகம் மாதிரி. "பர்தோன்," என்றார் என்னிடம். அது இங்கிலீசுச் சொல் மாதிரியே இருந்ததால் புரிந்தது.

"நோ, நோ, மேடம்," என்றேன். ஏன் நோ என்றேன், எதற்கு நோ என்றேன் என்று இன்றைக்குவரைக்கும் தெரியவில்லை.

மேட்டிலிருந்து தர்மாவும் எர்வேயும் இறங்கி வந்தார்கள். தர்மா அவர் தோளில் கைபோட்டிருந்தார். "மை ஃபாதர் இன் லா, வெரி குட் பாஸ். ஆல் வொர்க்கர் லவ் ஹிம்," என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். அவருடைய மாமனார் களைக்கொல்லி அடிக்கிற வேலை பார்த்து இருமி இருமிச் செத்தவர். சட்டைப்பையில் வேன் சாவியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வேனில் மத்தில்ட் எர்வே காதில் நாலு வார்த்தை சொன்னார். எர்வே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனுசன் நல்லவர், எங்கள் முகத்தைப் பார்த்தால் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். லகாட் வந்தது, போனது. ஈப்போவில் அவர்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் இறக்கிவிட்டோம். மத்தில்ட் தினேஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வேனுக்குள் இருந்து பார்த்தேன். பேச்சு முடிந்ததும் வழக்கம்போல் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். என்னிடம் வந்து, முத்தம் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கைகூப்பிவிட்டுப் போனார்.

தினேஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரூம் இருக்காம்மா," என்றாள். "எப்பவும்போல வரச் சொல்றாங்க. இதுக்காகவெல்லாம் அத மாத்த மாட்டாங்களாம்."

முன்னால் தர்மா பெருமூச்சு விட்டார். அந்த அறைக்காகத்தான் முந்தாநாளிலிருந்து நான் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன். சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை.

"அப்பறம் என்னா? போவ வேண்டிதானே."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டும்மா போறது?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வண்டி ஏச்சு வைத்திருப்பேன். என் பிள்ளை பொய் சொன்னாள், ஒரு வருடம் அதில் குளிர்காய்ந்தாள், எல்லாம் சரி. ஆனால் கடைசியில் எங்கம்மா வாசலில் நின்றுகொண்டு எங்கம்மாவை யாரென்று சொன்னவள் அவள். நான் அதே இடத்தில், அவரை விரட்டியவளாக நின்று மன்னிப்பு வாங்கிக்கொண்டேன்.

"ஒனக்கு என்னா பிள்ள, நீ சொல்லிட்ட," என்றேன். "நீ போலாம். நான்தான் சொல்லல."

தர்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.